பழைய லெட்ஜரும் புதிய ஏ.ஐ.யும்

நம் மீமிசலில் ஒரு காலத்தில் சிங்கப்பூர், சவுதி என்று கிளம்பிய குடும்பங்களில் இன்று பேரப்பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். அதனால் டீக்கடையில் இப்போது இதுதான் பேச்சு: "ஏ.ஐ.யே புரோகிராம் எழுதுதாமே, இனி நம்ம புள்ளைகளுக்கு வேலை இருக்குமா?" 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. காரணம் ஏ.ஐ. அல்ல என்று நிறுவனம் சொன்னதுதான். பெற்றோர் காதில் ஏறவில்லை.

எனக்கு இருக்கும் கவலை வேறு.

வங்கியில் நான் கணக்கு கற்றது கையெழுத்து லெட்ஜரில். மாதக் கடைசியில் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் இரவு உட்கார்ந்து தேட வேண்டும். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். 5,430 என்பதை 5,340 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 90. இப்படித் தேடித் தேடித்தான் கணக்கு புத்தியில் ஏறியது. வங்கிகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுவர 1983-ல் சங்கங்களோடு ஒப்பந்தம் ஆனது. அடுத்த ஆண்டு ரங்கராஜன் கமிட்டி அறிக்கை வந்தது. ஆள் போய்விடும் என்று அப்போதும் பயம்தான். பிறகு கம்ப்யூட்டர் வட்டியைத் தப்பாகப் போட்டால், கையால் போட்டுப் பழகியவருக்குப் பார்த்தவுடனே உறுத்தும்.

ஏ.ஐ. விஷயத்துக்கு வருகிறேன். கிட்ஹப் கோபைலட் 2021-லும் சாட்ஜிபிடி 2022 நவம்பரிலும் வந்தன. வேண்டியதைச் சாதாரண பேச்சில் சொன்னால் புரோகிராம் எழுதித் தருகின்றன. படித்த கோடிக்கணக்கான வரிகளை வைத்து அடுத்து என்ன வரும் என்று ஊகித்து எழுதுவதுதான் அதன் வேலை. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சில சமயம் உலகத்திலேயே இல்லாத ஒரு ரெடிமேட் புரோகிராமின் பெயரைப் போட்டு, அதைப் பயன்படுத்தச் சொல்லும். எங்கள் காலத்து குமாஸ்தா தடுமாறினால் அடித்தல் திருத்தல் இருக்கும். இது தப்பையும் முத்து முத்தாக எழுதுகிறது!

அமெரிக்காவில் மெட்ர் என்ற அமைப்பு 2025-ல் அனுபவசாலிகள் 16 பேரிடம், அவர்களுக்கு நன்றாகப் பழகிய புரோகிராம்களிலேயே 246 வேலைகள் கொடுத்துப் பார்த்தது. ஏ.ஐ. துணையோடு செய்த வேலைக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். கருவி வருடா வருடம் மாறும், இந்த எண்ணும் மாறலாம். ஆனால் எழுதியதைச் சரிபார்க்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கிருந்து வருவார்? புதியவர்களுக்குக் கொடுத்துவந்த சின்னச் சின்னப் பிழைதிருத்தும் வேலைகளைத்தான் முதலில் ஏ.ஐ.யிடம் தள்ளுகிறார்கள். அதில் மிச்சமாகும் சம்பளம் இன்றைக்குத் தெரியும். பத்து வருடம் கழித்து சரிபார்க்கத் தெரிந்தவர் இல்லாத நஷ்டம் இப்போது எந்தக் கணக்கிலும் வராது. முதல் இரண்டு வருடமாவது பிள்ளைகளைக் கையால் எழுத விட வேண்டும் என்பது என் கட்சி.

சென்னையில் ஒரு குழுவுக்குத் தலைவியாக இருக்கும் என் தம்பி மகளிடம் இதைச் சொன்னேன். "பெரியப்பா, எழுதினது ஏ.ஐ.யா இருந்தாலும் வரிக்கு வரி எனக்கு விளக்கிச் சொல்லணும். சொல்லத் தெரியலைன்னா உள்ளே சேர்க்க மாட்டேன்" என்றாள். இதற்கென்று வாரத்தில் அரைநாள் ஒதுக்கித் தரும்படி மேலிடத்தில் கேட்டிருக்கிறாளாம். இன்னும் பதில் இல்லை.