அட்டை தெரிய வையுங்கள்

நூலகர் தினத்தையொட்டி இந்த வாரம் சியாழி ராமாமிர்த ரங்கநாதனைப் பற்றி எழுதுவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். ஆகஸ்ட் 12 அவர் பிறந்தநாள். எழுத உட்கார்ந்தால், மனசு மதுரை மாட்டுத்தாவணிப் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் பார்த்த பெஞ்சைவிட்டு நகர மறுக்கிறது. அவ்வளவு சந்தோஷம்.

பழைய மரப்பெஞ்சுதான். பேப்பர் படிக்கிற மேசைக்குப் போகிற வழியில், வாசலை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள், சுவரில் சாய்த்து, அட்டை முழுசாகத் தெரிகிற மாதிரி. மேலே ஒரு சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில், ‘மதுரையில் இருந்து எழுதியவர்கள்’. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ இருந்தது. ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ இருந்தது. காக்கிச் சட்டையோடு ஒருவர், டியூட்டி முடிந்து பேப்பர் பார்க்க வந்தவர், நாகராஜனை எடுத்து நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தார். “இத வீட்டுக்குக் கொண்டு போலாமா மேடம்?” என்று கேட்டார். “அதுக்குத்தாண்ணே வச்சிருக்கு” என்றார் நூலகர். அவர் போனதும் உள்ளே போய் இன்னொரு புத்தகத்தைக் கொண்டுவந்து காலியான இடத்தில் சாய்த்தார்.

ரங்கநாதன் இதைத்தான் சொன்னார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, லண்டனுக்குப் படிக்கப் போனவர். அங்கே செல்ப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளை வைத்து விதவிதமாகப் பூட்டிக்காட்டியதைப் பார்த்துத்தான் நூல்களை வகைப்படுத்தும் தன் கோலன் பகுப்புமுறைக்கான யோசனை அவருக்குப் பிறந்தது. 1931இல் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட அவருடைய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இரண்டாவதை எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள். எனக்கு மூன்றாவதுதான் உயிர். வாசகர் வாய்திறந்து கேட்டுவிடுவார். புத்தகம் கேட்காது. அதற்காக யாராவது பேச வேண்டும். திறந்த அலமாரி, அடுக்குமுறை, விளம்பரம் எல்லாவற்றையும் ரங்கநாதன் இந்த மூன்றாம் விதியின் கீழேதான் கொண்டுவருகிறார்.

அந்த பெஞ்சின் நடுவில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இருந்தது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இனி என்ன வரும் என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் இந்த நாவலை விடப்போவதில்லை.

சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர் சிங்காரம். இளவயதிலேயே இந்தோனேசியாவின் மேடானுக்குப் பிழைக்கப் போனார். யுத்தம் முடிந்து திரும்பி, மதுரை தினத்தந்தியில் 1947 முதல் 1987 வரை வேலை பார்த்தார். ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாகவே வாழ்ந்தார். எழுதியவை இரண்டே நாவல்கள். முதலாவதான ‘கடலுக்கு அப்பால்’ கலைமகள் போட்டியில் பரிசு பெற்றது. இரண்டாவதான ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி முடித்தும் பல ஆண்டுகள் கிடந்து, 1972இல்தான் அச்சேறியது. நாவலில், மேடான் தெருவில் ஜப்பான் ராணுவம் நுழைகிறது. பினாங்கில் செட்டியார் கடைப் பையன்கள் பேசுகிறார்கள், நேதாஜியின் படை வருகிறது. இத்தனைக்கும் நடுவே பாண்டியன் என்கிற இளைஞன் மதுரைத் தெருக்களை நினைத்து உருகுகிறான். தமிழில் இதற்கு இணையான போர்க்கால நாவல் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். வெளிவந்த காலத்தில் அதைச் சீந்துவார் இல்லை. அதன் பெருமை பரவலாகப் பேசப்பட்டபோது சிங்காரத்துக்கு வயதாகிவிட்டிருந்தது. 1997இல் போய்ச் சேர்ந்தார். அவர் வேலை பார்த்த இந்த ஊரிலேயே அந்த நாவல் எத்தனை நூலகங்களில் கடைசித் தட்டில் முதுகு மட்டும் காட்டிக்கொண்டு கிடக்கிறதோ! கால் இஞ்ச் முதுகில் மங்கிய எழுத்து. குனிந்து தேடினால் ஒழியக் கண்ணில் படாது. பெயர் தெரிந்தவர்தான் தேடுவார். தெரியாதவருக்குத்தானே அது போய்ச் சேர வேண்டும்?

மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டில் மாதுளை விற்பவர் ஒன்றைப் பிளந்து குவியலின் மேல் வைக்கிறாரே, அந்த அறிவு நூலகத்துக்குள் வருவதற்குச் செலவே இல்லை. புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் பிரம்மாண்டம் நமக்குப் பெருமை. ஆனால் கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் தேவை ஒரு பெஞ்சும் ஒரு சார்ட் அட்டையும்தான். வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். பதினைந்துக்கு மேல் வைத்தால் கண் நிற்காது. செப்டம்பர் வருகிறது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியது இந்த மதுரையின் மேலமாசி வீதியில்தான். அந்த வீதியின் பெயரை எழுதி, கீழே ‘சத்திய சோதனை’யையும் கதர் பற்றிய நூல்களையும் சாய்த்து வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் நிற்காமல் போவார்களா?

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். விழா நாட்களில் புத்தகங்களைக் கண்ணாடி பீரோவில் அழகாக அடுக்கி, பூட்டி, ‘தொடாதீர்கள்’ என்று எழுதிவைக்கிறார்கள். எடுத்துப்போக முடியாத காட்சி எதற்கு? இடம் காலியானால்தான் வைத்தவர் ஜெயித்தார் என்று அர்த்தம். நூலகர்களை நான் குறை சொல்லவில்லை. இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் தன் சம்பளத்தில் கைவைத்துவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. சாவி இடுப்பில் ஏறுவது அந்தப் பயத்தினால்தான். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டவை. ஓர் ஆண்டில் இரவல் போன, பார்வைக்கு எடுத்த ஆயிரம் நூல்களுக்கு 5 நூல் தொலைவது நியாயமான இழப்பு என்கிறது 215ஆவது விதி. நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, ரூ. 1,000க்கு மேல் விலையுள்ளவையும் அரிய நூல்களும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். இது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி. நம் ஊர்ப்புற நூலகர்வரை இதே உறுதிமொழியை எழுத்தில் கொடுத்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்ல வேண்டும். பொது நூலக இயக்ககத்துக்கு இதுவே என் கோரிக்கை.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சொத்துவரியோடு 10 சதவீத நூலக வரியை நீங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிளை நூலகத்துக்குப் போங்கள். கடைசித் தட்டில் நீங்கள் நேசிக்கிற ஒரு புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதை அட்டை தெரிய வாசல் பக்கம் வைக்க முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். பெஞ்சு இல்லை என்றால், நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக் கொடுங்கள்.