வேதம் யாருடைய சொத்து?

சென்ற தவக்காலத்தில் குன்றத்தூரில் ஓர் இறப்பு வீடு. நாம் நோயுற்ற ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றிருந்தமையால் அங்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. நம் அன்பியத்தினர் இருபது பேருக்கு மேல் கூடியிருந்தனர். செபமாலை சொல்லி முடித்தனர். அதற்குப் பின் என்ன செய்வதென்று அறியாது அமர்ந்திருந்தனர். அப்போது அடுத்த வீட்டு மூதாட்டி ஒருவர், நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய தென்னிந்தியத் திருச்சபையினர், தம் கைப்பையிலிருந்து வேதத்தை எடுத்துத் தொண்ணூறாம் திருப்பாடலை வாசித்தார். பின்பு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நூற்று மூன்றாம் திருப்பாடலைப் பாராமலே சொன்னார். அதுவரை கல்லாய் அமர்ந்திருந்த, கணவனை இழந்த பெண், அதைக் கேட்ட பின்னரே வாய்விட்டு அழுதாராம்.

அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் பங்குப் பேரவையினர் இருவர் நம்மிடம் வந்தனர். "ஃபாதர், சி.எஸ்.ஐ.காரங்க நம்ம வீட்டுக்குள்ள வந்து செபம் நடத்தலாமா? நீங்க கண்டிக்க வேண்டாமா?" என்றனர். கண்டிக்க வேண்டியதுதான் என்று நாமும் கூறினோம். யாரை என்பதே கேள்வி. இருபது கத்தோலிக்கர் கூடியிருந்த வீட்டில் ஒரு திருப்பாடலை எடுத்து வாசிக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே, அதைக் கண்டிக்க வேண்டாமா? அவர்களை அப்படி வளர்த்த நம்மையும் நம் முன்னவர்களையும் கண்டிக்க வேண்டாமா?

சற்று வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களை நமக்குத் தந்தவர் இயேசு சபைத் துறவி அண்ட்ரிக் அடிகளார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பட்டது. ஆனால் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது 1715-இல், தரங்கம்பாடியில், லூத்தரன் போதகர் சீகன்பால்குவின் உழைப்பால். அதற்கு அச்சு எந்திரமும் தாளும் பொருளும் அனுப்பி உதவியது இலண்டனிலிருந்த ஆங்கிலிக்கன் கழகம் ஒன்று. அச்சுக்கலை நம் கைக்கு முதலில் வந்தது. வேதமோ 137 ஆண்டுகள் கழித்துப் பிறர் கையால் மக்களிடம் சேர்ந்தது. இந்தக் கணக்கை எந்தப் பெருமையால் நாம் நேர் செய்வது?

ஆங்கிலிக்கன் திருச்சபைக்குள் நற்செய்தி மரபினர் என்று ஒரு சாரார் உண்டு. வேதத்தின் மேலாண்மை, சிலுவையின் மீட்பு, தனிமனித மனமாற்றம், நற்செய்திப் பணி ஆகிய நான்கையும் உயிராகக் கொண்டவர்கள். 1799-இல் அவர்கள் தொடங்கிய சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர் இரேனியுஸ். வேதத்தை எளிய தமிழில் பெயர்ப்பதற்குத் தம் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டார். சிற்றூர்தோறும் பள்ளி, பள்ளிதோறும் வேத வாசிப்பு என்பது அவர்தம் முறை. எழுத்தறியாத பனையேறியின் பிள்ளை எழுத்தறிந்தது வேதத்தை வாசிப்பதற்காகவே. அம்மூதாட்டியின் கைப்பையில் இருந்தது அந்த இருநூறு ஆண்டு உழைப்பின் பயன்.

அவர் தொண்ணூறாம் திருப்பாடலைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயலன்று. 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் செபநூலில் அடக்கச் சடங்குக்கென வகுக்கப்பட்ட திருப்பாடல்களுள் அது ஒன்று. அந்நூலின் முறைப்படி நூற்றைம்பது திருப்பாடல்களும் காலை மாலையாக முப்பது நாளில் வாசித்து முடிக்கப்படும். அதனுள் அடங்கிய சிறு மன்றாட்டுகளில் பல, நம் பழைய இலத்தீன் திருப்பலி நூலிலிருந்து பேராயர் கிரான்மர் மொழிபெயர்த்துக் கொண்டவை என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? துறவியர் மடத்தில் நாள் முழுதும் பல வேளைகளில் பாடிவந்த புகழ்மாலையை அவர் காலை, மாலை என இரண்டாகச் சுருக்கி ஊர்மக்கள் கையில் கொடுத்தார். நம் பக்கமோ திருப்புகழ்மாலை குருக்களுக்கும் கன்னியர்க்கும் உரியதாகவே இன்றளவும் இருந்து வருகிறது. நம் வீட்டுச் செல்வம் அடுத்த வீட்டில் புழங்குகிறது. நாமோ அதை அந்நியர் சரக்கு என்று அஞ்சுகிறோம்.

திருவழிபாட்டிலும் இதுவே கதை. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கன் மரபினர் பிற சபையாரோடு அதில் இணைந்தனர். 1950-இல் அவர்கள் வகுத்த திருவிருந்து முறைமையில், குரு மக்களை நோக்கி நின்றார். கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து எடுத்த சமாதான வாழ்த்து கையிலிருந்து கைக்கு மக்களிடையே கடந்து சென்றது. நம் ஆலயங்களில் இவை வழக்கிற்கு வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னர்தான். அன்று இவற்றைப் 'புராட்டஸ்டாண்டுப் புதுமை' என்று முணுமுணுத்தவர்களின் பிள்ளைகளே இன்று சமாதானம் கூறக் கைகூப்பித் திரும்புகின்றனர்.

மூன்றாவதாக ஒன்று. நாம் வாழும் பகுதிக்கு அருகே தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில், 1938 திசம்பரில், உலகின் பல நாட்டு மறைப்பணியாளர் கூடிய மாநாடு நடைபெற்றது. அதில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஆயர் அசரியா. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயராகத் தோர்ணக்கல்லுக்குத் திருநிலைப்படுத்தப்பட்டவர். அதற்கு முன்பே, 1903-இல், அவரும் அவர் நண்பர்களும் நெல்லையில் இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவினர். நெல்லைக் கிறித்தவர் தம் காணிக்கையைக் கொண்டே தம்முள் ஒருவரைத் தெலுங்கு நாட்டிற்கு அனுப்பினர். வெளிநாட்டுப் பணம் வந்தால் கட்டடம், வராவிட்டால் முறையீடு என்றிருக்கும் பங்குகள் இந்த வரலாற்றைக் கற்க வேண்டாமா?

"அப்படியானால் ஃபாதர், நாங்கள் அந்தச் சபைக்கே போய்விடலாமே" என்று வெகுண்டு கேட்போர் உண்டு. அன்பர்களே, பொறுத்தருள்க. ஆங்கிலிக்கன் குருத்துவத்தைப் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1896-இல் அளித்த தீர்ப்பை நாம் மறக்கவில்லை. நற்கருணையில் ஆண்டவரின் மெய்யான பிரசன்னம், அன்னை மரியாவின் பரிந்துரை, புனிதர்களின் உறவு ஆகியவை நாம் விட்டுக்கொடுக்கக் கூடியவையல்ல. செபமாலையைக் கைவிடுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. அதன் மறைபொருள்களில் பெரும்பாலானவை நேரே நற்செய்தியிலிருந்து எடுக்கப்பட்டவைதாமே! நற்செய்தியை அறியாதவர் செபமாலையையும் பாதியே சொல்கிறார்.

அண்டை வீட்டாரிடமும் குறை இல்லாமல் இல்லை. அவர்தம் தேர்தல் பூசல்களும் சொத்து வழக்குகளும் நீதிமன்றப் படியேறியது ஊரறிந்த செய்தி. நற்செய்தி மரபினரான ஆயர் தானியேல் வில்சன் 1833-இலேயே சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டார். ஆணை இருந்தும் சாதி அங்கிருந்து போய்விடவில்லை. வடக்கன்குளத்து ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து வைத்த நாமோ அவர்களைப் பார்த்து நகைக்கத் தகுதியற்றவர்கள். இருவரும் ஒரே வேதத்தின் முன் குற்றவாளிகளாக நிற்கிறோம். அதனாலேயே ஒருவருக்கொருவர் அதை வாசித்துக் காட்ட வேண்டிய கடமை நமக்கு உண்டு.

திருச்சபையின் போதனையும் இதுவே. பிரிந்த சகோதரரிடம் காணப்படும் கிறித்தவச் செல்வங்களை மகிழ்ச்சியோடு ஏற்று மதிக்குமாறு 1964-இல் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அடுத்த ஆண்டே, மறைநூலை இறைமக்கள் அனைவரும் அடிக்கடி வாசிக்க வேண்டுமென வற்புறுத்தியது. பிரிந்த சகோதரருடன் இணைந்து மொழிபெயர்க்கவும் வழி திறந்தது. அதன் கனியாகவே 1995-இல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு தமிழில் வெளிவந்தது. விளைந்தது என்ன? அவர்களுள் பெரும்பாலோர் 1871-ஆம் ஆண்டின் பழைய மொழிபெயர்ப்பையே இன்றும் கையிலேந்துகின்றனர். நம் வாசக மேடையில் புதியது ஒலிக்கிறது. நம் வீடுகளிலோ திருமணப் பரிசாக வந்த விவிலியம் கண்ணாடி அலமாரியில் மௌனம் காக்கிறது. இரு வீட்டாரும் கூடிச் சமைத்த விருந்தை இருவருமே சரியாக உண்ணவில்லை.

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த மண். சோழ அரசின் அமைச்சர் பாடிய அடியார் வரலாறு நூற்றாண்டுகள் பல கடந்தும் வாழ்வது, சைவர் அதைக் கோயிலிலும் வீட்டிலும் ஓதியும் விரித்துரைத்தும் வருவதனால்தான். ஓதப்படாத நூல் எவ்வளவு புனிதமானதாயினும் தாளும் மையுமே. நம் பங்கை விட்டு வாடகைக் கூடங்களில் நடக்கும் கூட்டங்களுக்குச் செல்லும் இளைஞரைச் சபிக்கிறோம். இறைவார்த்தைக்கு ஏங்கிய பசியோடு சென்றவர் அவர்களுள் எத்தனை பேர் என்று ஒருநாளேனும் எண்ணிப் பார்த்தோமா?

எனவே நாம் வேண்டுவது மூன்றே. ஞாயிறு நற்செய்தியை அதற்கு முந்திய வாரத்திலேயே அன்பியத்தில் வாசியுங்கள். மாலைச் செபத்தில் ஒரு திருப்பாடலைச் சேருங்கள். வீட்டுக்கு ஒருவரேனும், இறப்பு வீட்டில் சொல்லத்தக்க மூன்று திருப்பாடல்களை மனப்பாடம் செய்யுங்கள்.

இந்த மூன்றாவதைக் கற்றுத்தர அம்மூதாட்டியையே அழைக்கலாம் என்று நாம் அவர் வீட்டிற்குச் சென்றோம். காபி கொடுத்து உபசரித்தார். அழைப்பைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. உடனே ஓர் ஐயம் படர்ந்தது. "ஆர்.சி. கோயில்ல வந்து சொல்லிக் குடுத்தா எங்க சபையில ஏதாவது சொல்வாங்களோ தெரியலையே, ஐயா. எங்க ஆயர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அவர்கள் வழக்கில் ஆயர் என்பது சபைப் போதகரைக் குறிக்கும்.

நம் பேரவையினருக்கு இருந்த அதே அச்சம்! அவர் கேட்டுச் சொல்லட்டும். அதற்குள் நாம் கண்ணாடி அலமாரியைத் திறந்து வைப்போம்.