ஒரே படியால் எல்லோரையும் அளப்பதா?

அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. 'அல் முதஃப்பிஃபீன்' என்னும் 83ஆம் அத்தியாயம் அது. பிறருக்குரிய பங்கைக் குறைத்து அளப்போருக்குக் கேடு உண்டென்ற எச்சரிக்கையோடு அது தொடங்குகிறது. அரிசிக்கடையில் படி பிடிப்பவருக்கும் துணிக்கடையில் முழம் போடுபவருக்கும் மட்டுமே அந்த எச்சரிக்கை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உரியவருக்கு உரியதைக் குறைத்துக் கொடுக்கும் எந்த அளவையும் அதனுள் அடங்கும் என்பதே நாம் கற்ற பாடம்.

இன்று நம் குடும்பங்களுக்குள் புகுந்திருக்கும் ஒரு கள்ளப்படியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். உடல் எடையைக் குறைக்க விரும்பும் பெண்களின் கையில் திணிக்கப்படும் கலோரிக் கணக்கே அந்தப் படி. நாளொன்றுக்கு 1,200 கலோரி உண்டால் போதும், மாதத்துக்கு ஐந்து கிலோ குறைந்துவிடும் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. கைபேசிச் செயலிகளும் உடற்பயிற்சிக் கூடத்தின் அச்சிட்ட அட்டவணைகளும் பெரும்பாலும் இதையே ஓதுகின்றன. ஐந்தடி ஆறங்குல உயரமுள்ளவளுக்கும் நாலடி எட்டங்குல உயரமுள்ளவளுக்கும் ஒரே அட்டவணை. ஒரே படியால் எல்லோரையும் அளக்கும் இந்த வழக்கம் அறிவுக்கும் பொருந்தாது, நீதிக்கும் பொருந்தாது, தீனுக்கும் பொருந்தாது என்பதே நம் வாதம்.

கலோரி என்பது வெப்பத்தை அளக்கும் ஓர் அளவு. ஒரு கிலோ நீரின் வெப்பத்தை ஒரு பாகை உயர்த்துவதற்கு வேண்டிய ஆற்றலையே உணவுக் கணக்கில் ஒரு கலோரி என்கிறோம். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு ஏறத்தாழ 4 கலோரி உண்டு. கொழுப்பில் 9 உண்டு. உடல் செலவிடுவதைவிடக் குறைவாக உண்டால் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், எடை குறையும். இதில் எமக்குக் கருத்து வேறுபாடில்லை. எவருடைய உடல் எவ்வளவு செலவிடுகிறது என்று பாராமல் எல்லோருக்கும் ஒரே எண்ணை விதிப்பதையே மறுக்கிறோம்.

இந்த 1,200 என்னும் எண் ஏதோ ஆய்வகத்தில் நம் பெண்களை அளந்து கண்டதன்று. லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர் 1918இல் எழுதிய உணவுக் கட்டுப்பாட்டு நூல் அதைப் பரப்பியது. நூறாண்டு கடந்தும் அந்த எண் வேதவாக்காக நிற்கிறது. நம் நாட்டில் பொட்டலங்களின் மேல் அச்சிடும் சதவீதங்களோ நாளொன்றுக்கு 2,000 கலோரி என்ற கணக்கில் அமைந்தவை. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த கணக்கில், உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு 1,660 கலோரி என்று இருக்கிறது. ஆனால் அந்த மாதிரிப் பெண்ணின் உயரம் 162 சென்டிமீட்டர், எடை 55 கிலோ. இந்தியப் பெண்களின் சராசரி உயரமோ ஏறத்தாழ 152 சென்டிமீட்டர்தான். எனவே சிற்றுருவம் உடையவர் எங்கோ ஒருவர் இருவர் அல்லர். நம் உம்மாமார்களிலும் சகோதரிகளிலும் பெரும்பாலோர் அவர்களே.

மூன்று பெண்கள், ஒரே எண்

1990இல் மிஃப்லின், செயின்ட் ஜியோர் முதலான ஆய்வாளர்கள் வெளியிட்ட சூத்திரம் ஒன்று இன்று பரவலாகப் பயன்படுகிறது. பெண்ணின் எடையைக் கிலோவில் 10ஆல் பெருக்க வேண்டும். உயரத்தைச் சென்டிமீட்டரில் 6.25ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். வயதை 5ஆல் பெருக்கிக் கழித்து, மேலும் 161ஐக் கழிக்க வேண்டும். எஞ்சுவது, அசையாமல் படுத்திருந்தாலும் இதயமும் ஈரலும் மூளையும் இயங்க வேண்டிய கலோரி. உழைப்புக்கேற்ப அதை 1.2 முதல் மேல்நோக்கிப் பெருக்கினால் நாள் செலவு கிடைக்கும். இது மதிப்பீடே, ஆளுக்கு ஆள் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ முன்பின் ஆகலாம். ஆயினும் நம் வாதத்துக்கு இது போதும்.

மூவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவள் 25 வயது, 165 சென்டிமீட்டர், 75 கிலோ, நாளெல்லாம் ஓடியாடி வேலை செய்பவள். அவளுடைய செலவு ஏறத்தாழ 2,300 கலோரி. இரண்டாமவள் 35 வயது, 147 சென்டிமீட்டர், 58 கிலோ, தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவள். அவளுக்கு ஏறத்தாழ 1,400. மூன்றாமவள் 50 வயது, 142 சென்டிமீட்டர், 48 கிலோ, மூட்டுவலியால் நடமாட்டம் குறைந்தவள். அவளுக்கு ஏறத்தாழ 1,150.

இம்மூவருக்கும் 1,200 கலோரியை விதித்துப் பாருங்கள். முதலாமவள் தன் தேவையில் பாதியை மட்டும் உண்டு பட்டினி கிடப்பாள். மூன்றாமவளுக்கு ஒரு தோலாக்கூடக் குறையாது. குறையாதபோது என்ன நடக்கிறது? "ஒளித்து வைத்துத் தின்கிறாள்" என்று வீட்டார் பழி சுமத்துகின்றனர். உண்மை பேசுகிறவளைப் பொய்யள் ஆக்குகிறது அந்த எண். அவளும் தன்மேலேயே ஐயம் கொண்டு, மேலும் ஒரு வேளையைத் துறக்கிறாள்.

நாள் செலவில் 500 கலோரியைக் கழித்தால் வாரத்துக்கு அரைக் கிலோ குறையும் என்பது மற்றொரு பொது விதி. 2,400 கலோரி செலவிடும் உயரமான ஆணுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு, தாங்குவான். நம் இரண்டாமவளுக்கோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அவளுக்கு எஞ்சுவது 900 கலோரி. மூன்றாமவளுக்கு எஞ்சுவது 650. நாளொன்றுக்கு 800க்கும் கீழான உணவை மருத்துவரின் நேரடி மேற்பார்வையில் அன்றி எவரும் மேற்கொள்ளலாகாது என்பது மருத்துவ உலகின் நெறி. அத்தனை சிறிய தட்டில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் புரதமும் போதிய அளவு அடங்குவது கடினம். தசை கரைகிறது, முடி உதிர்கிறது, மாதவிலக்கு தவறுகிறது. விரைந்து இளைப்போருக்குப் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் மிகுகிறது.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. 1944 - 45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், உடல்நலம் மிக்க 36 ஆண்களுக்கு ஆறு மாத காலம் ஏறத்தாழ 1,570 கலோரி உணவே கொடுத்தார். அவர்கள் எடையில் கால்பங்கை இழந்தார்கள். உணவைத் தவிர வேறு நினைவற்று, எரிச்சலும் சோர்வும் மேலிட்டு வாடினார்கள். அவர்களை வாட்டிய அதே 1,570 கலோரி நம் இரண்டாமவளுக்குப் போதியதற்கும் மேல். உடலை விட்டுப் பிரித்த எண்ணுக்குப் பொருளே இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

தீன் தந்த அளவு

"உண்பதைக் குறைப்பதுதானே பேணுதல்? பெரியோர்கள் பசித்திருந்தார்களே?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கும் விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். வயிற்றை மூன்று பங்காக்கி, ஒன்றை உணவுக்கும் ஒன்றை நீருக்கும் ஒன்றை மூச்சுக்கும் விடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்ததை இமாம் திர்மிதீ (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். அதில் இத்தனை கவளம், இத்தனை எடை என்ற ஒரே எண்ணை எல்லோர்க்கும் விதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பங்கு கூறப்பட்டது, அளக்கும் கலமோ அவரவர் வயிறு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பசியின் சிறப்பை நெடுக எடுத்துரைத்த பின்னர், முடிவாக நடுநிலையையே சிறந்ததென்கிறார்கள். வயிற்றின் பாரமும் தெரியக்கூடாது, பசியின் வேதனையும் தெரியக்கூடாது என்பதே அவர்கள் காட்டும் எல்லை.

"ஷாஃபிஈ மத்ஹபில் மனைவியின் நஃபக்காவை முத் கணக்கில் அளந்து சொல்லியிருக்கிறார்களே?" என்று கிதாபு ஓதிய ஒருவர் கேட்கலாம். ஆம், வசதியுள்ளவன் இரண்டு முத், நடுத்தரன் ஒன்றரை, வறியவன் ஒன்று என்பது சட்டம். ஆனால் அது கணவன் செலுத்த வேண்டிய கடனின் அளவு. அதற்குக் கீழே அவன் இறங்கலாகாது. மனைவி இதற்கு மேல் உண்ணலாகாது என்று எந்த ஃபகீஹும் எழுதவில்லை. மற்ற மத்ஹபுகளில் பெரும்பாலானவை போதுமான அளவு என்பதையே விதியாக வைத்தன. கணவர் போதிய செலவு தரவில்லை என்று முறையிட்ட ஹிந்த் (ரலி) அவர்களுக்கு, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதியதை முறைப்படி எடுத்துக்கொள்ளப் பெருமானார் (ஸல்) அனுமதித்ததே அவற்றுக்கு ஆதாரம். போதுமானது எது என்பதை ஆளைப் பார்த்தன்றி எவ்வாறு அறிவது?

இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பு வைத்த அபுத்தர்தா (ரலி) அவர்களை ஸல்மான் (ரலி) அவர்கள் தடுத்து, உடலுக்கும் குடும்பத்துக்கும் ஹக் உண்டென்று உணர்த்தினார்கள். அதைப் பெருமானாரும் மெய்ப்பித்தார்கள். வணக்கத்தின் பெயராலேயே உடலின் உரிமையைக் குறைக்கக் கூடாதெனில், பெண் பார்க்க வருவோரின் கண்ணுக்காகக் குறைக்கலாமா? ரமலானை 'இளைக்கும் மாதம்' ஆக்கி, சஹரை விட்டுவிடும் புதுப் பழக்கமும் இந்த வகையே. நோன்பின் நிய்யத் அல்லாஹ்வுக்கு. தராசின் முள்ளுக்கு அன்று.

அப்படியாயின் என்ன செய்வது?

குட்டையான பெண் பருமனாகவே இருந்துவிடட்டும் என்று நாம் கூறவில்லை. ஆசிய மக்களுக்குக் குறைந்த பருமனிலேயே நீரிழிவும் இதயநோயும் நெருங்குகின்றன என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு எடுத்துரைத்தது. உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும். 147 சென்டிமீட்டர் பெண்ணுக்கு அது ஏறத்தாழ 50 கிலோ. ஆகவே 58 கிலோவில் இருப்பவள் சற்றுக் குறைப்பது நன்றே. ஆனால் அவளுடைய இலக்கு அவள் உடலுக்கேற்றதாக இருக்கட்டும்.

முதல் இலக்கு எடையில் இருபதில் ஒரு பங்கு போதும். 58 கிலோவுக்கு அது 3 கிலோ. நாளொன்றுக்குக் கழிக்க வேண்டியது 500 அன்று, 200 போதும். ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்ற கணக்கில், இதற்கு நான்கு மாதம் ஆகும். எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால் ஐந்தாறு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு அரைக் கிலோ என்பது விளம்பரக்காரனுக்கு இழிவாகத் தோன்றும். சிற்றுடல் கொண்டவளுக்கு அதுவே நேர்மையான வேகம்.

அந்த 200 கலோரி எங்கே இருக்கிறது? நாள்தோறும் ஐந்து வேளை தேநீர், வேளைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால், சர்க்கரை மட்டுமே 200 கலோரி. ஆணத்தில் மிதக்கும் எண்ணெயில் ஒரு தேக்கரண்டி 45 கலோரி. நெய்ச்சோற்றின் நெய், இஃப்தார் தட்டின் சமூசாவும் வடையும் குடித்த எண்ணெய், வட்டலப்பத்தின் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஆகியவற்றிலேதான் மிகை ஒளிந்திருக்கிறது. அங்கே கைவைக்காமல், அவள் தட்டிலுள்ள மீன் துண்டையும் முட்டையையும் பருப்பையும் பிடுங்குவது எவ்வகை அறிவு? உடலைக் காக்கும் புரதத்தை நிறுத்தி, மிகையானதைக் குறைப்பதே முறை. மூன்று கிலோமீட்டர் நடந்தால் அவளுக்குக் கிடைப்பது 100 கலோரியை ஒட்டியதே எனினும், நடை வேறு நன்மைகளையும் தரும். மூன்றாமவளுக்கோ தட்டைக் குறைக்க இடமே இல்லை. இயன்ற நடையும் தசையை வலுவாக்கும் பயிற்சியுமே அவளுக்குரிய வழி. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் இந்தக் கணக்கில் இறங்கவே கூடாது. நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்கலாகாது.

எடை குறையாவிடில் முயற்சி வீணென்றும் எண்ண வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவை 2006இல் வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு கால்பங்குக்கு மேல் குறைந்தது. வியப்பு என்னவெனில், அவர்களுடைய சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை. தராசு காட்டாத நன்மையும் உண்டு.

இறுதியாக வீட்டாரின் நாவைப் பற்றி ஒரு வார்த்தை. கைக்கூலியை ஒழிக்க மேடை போட்டுப் பேசும் நாம், மணப்பெண்ணைக் கட்டையென்றும் உருண்டையென்றும் எடைபோடும் வழக்கத்தை ஏன் விட்டுவைத்தோம்? நிக்காஹுக்கு முன் மூன்று மாதம் பட்டினி கிடந்து இளைத்தவளை, பிள்ளை பெற்றபின் பருத்துவிட்டாள் என்று அதே மாமியும் மச்சியும் இகழ்கின்றனர். படைத்தவன் கொடுத்த உயரத்தைக் குறைகூறுவது படைப்பைக் குறைகூறுவதாகும் என்பதை இவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டாவா?

காலை உணவைப் 'பசியாறுதல்' என்று வழங்கும் சமுதாயம் நம்முடையது. பசி ஆறுவதே உணவின் நோக்கம். வயிற்றைத் திணிப்பதும் அன்று, பசியை வளர்ப்பதும் அன்று. உம்மாமார்களே, உங்கள் பெண்மக்களின் தட்டை அயலாரின் அட்டவணையால் அளக்காதீர்கள். கணவன்மார்களே, மனைவியின் எடை குறைய வேண்டுமென்று விரும்பினால், சமையலறையில் எண்ணெயைக் குறைக்கச் சம்மதியுங்கள். மாலையில் அவளுடன் நடக்க நேரம் ஒதுக்குங்கள். உரியவருக்கு உரியதை நிறைவாக அளந்து கொடுக்கும் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் குடும்பத்தாரையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.