கரிக்கோட்டில் ஒரு முகம்



சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், மூணாறு பகுதிகளிலிருந்து நகரங்களில் வந்து குடியேறிய நம்மில் அநேகரிடம் பெற்றோரின் படம் என்று இருப்பது, அடையாள அட்டைக்கு எடுத்த சிறு புகைப்படமே. அதில் அம்மாவின் கண்ணும் மூக்கும் சரியாயிருக்கும். அம்மாவின் சுபாவம் இராது. சற்றே வரையத் தெரிந்தவர்கள், அடுத்த விடுமுறையில் கரிக்குச்சியும் சொரசொரப்பான தாளும் ஊருக்குக் கொண்டுசெல்லுங்கள்.

உழைக்கும் மக்களின் முகங்களைக் கரியில் வரைந்து புகழ்பெற்றவர் ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் அம்மையார் (1867-1945). அவருடைய கணவர் பெர்லினில் ஏழைத் தொழிலாளர் நடுவே மருத்துவராயிருந்தார். அவரிடம் வந்த பெண்களின் பாடுகளை அறிந்தே அம்மையார் அவர்களை வரைந்தார். 1914இல் தம் இளைய மகனைப் போரில் பறிகொடுத்தார். 1933இல் அவர் கரியால் வரைந்த தம் படத்தில் முகமும் கையும் தெளிவாயிருக்கின்றன. அவற்றை இணைக்கும் புயமோ, வேகமாய் இழுத்த சில நெளிகோடுகள்தான். எதைச் சொல்லவேண்டும், எதை விடவேண்டும் என்பதை அப்படம் கற்பிக்கிறது.

நீங்கள் வரையும்போது முதியவரை ஜன்னலோரம் அமர்த்துங்கள். ஒளி ஒரு பக்கமாய் விழட்டும். கண்களைச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, வெளிச்சமும் நிழலும் இரு பெரும் பகுதிகளாய்த் தெரியும். கரிக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்து, முதலில் நிழலைப் பரப்புங்கள். பின்பு மிருதுவான ரப்பரால் ஒற்றியெடுத்தால் நெற்றியிலும் கன்னத்திலும் வெளிச்சம் பிறக்கும். முற்காலத்தில் இதற்கு ரொட்டித்துண்டையே பயன்படுத்தினார்கள்.

இமைமயிர்களை எண்ணி வரையவேண்டாம். எல்லாச் சுருக்கங்களையும் வரைந்தால் முதுமைதான் தெரியும், ஆள் தெரியமாட்டார். பல ஆண்டுகள் வெயிலில் கண்களை இடுக்கி வேலைசெய்தவருக்குக் கண்ணோரத்தில் ரேகைகள் விழுந்திருக்கும். கவலையை வெளியே சொல்லாதவரின் உதடுகள் இறுகியிருக்கும். அவருக்கே உரிய அந்த அடையாளத்தை மாத்திரம் அழுத்தமாய் வரையுங்கள். அவரைப் பேசவிட்டு வரைந்தால் வரவழைத்த புன்னகை தானே விலகிவிடும்.

முதற்படம் சரியாய் அமையாவிட்டால் சோர்ந்துபோகாதீர்கள். நம் ஓவியர் ஆதிமூலம், 1969இல் காந்தியடிகளின் நூற்றாண்டுக்காக அந்த ஒருவரையே நூறு கோட்டோவியங்களாய் வரைந்தார்.

புகைப்படம் ஒரு நொடியில் முடிந்துவிடும். கரிப்படத்திற்கோ ஒரு மணி நேரமாவது எதிரே அமர்ந்து அம்முகத்தையே பார்க்கவேண்டும். மாதந்தோறும் பணம் அனுப்பத் தவறாத நாம், தாயின் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனை ஆண்டுகளாயின? அவர்கள் நம்மோடிருக்கும்போதே அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுப்போமாக.