கணினியை மாற்றுங்கள், எங்களையும் கேளுங்கள்



சில காலத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. நான் வேலை செய்த மருத்துவ நிலையத்தில் சனி, ஞாயிறோடு கணினிகள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு வந்தது வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மின்னஞ்சல் மட்டுமே. காலையில் கடவுச்சொல் வேலை செய்யவில்லை, பிரிண்டரும் இயங்கவில்லை. தொலைபேசியில் உதவி கேட்டால் முறைப்பாட்டுக்கு ஓர் இலக்கம் தந்தார்கள். வெளியே நோயாளர் நிரம்பியிருந்தார்கள்.

இவை வெறும் எரிச்சல்கள். அடுத்து நடந்தது அப்படியல்ல. எங்கள் ஊர் அம்மா ஒருவருக்கு அன்ரிபயோட்டிக் எழுதினேன். கூட வந்த மகள், "டொக்டர், அம்மாவுக்குப் பெனிசிலின் கூடாதெல்லோ?" என்றார். முன்பு பெயரைத் திறந்ததும் சிவப்பெழுத்தில் தெரிந்த ஒவ்வாமை எச்சரிக்கை, மாற்றத்தின்போது பழைய குறிப்புகளுக்குள் போய் ஒளிந்துவிட்டது. நானும் கேட்கத் தவறிவிட்டேன். அன்று மகள் வராதிருந்தால்?

கணினியை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2017 மே மாதம் 'வனாகிறை' வைரஸ் பிரித்தானிய அரச மருத்துவமனைகளை முடக்கியது. ஆயிரக்கணக்கான சந்திப்புகள் இரத்தாகின. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொவ்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. பல கணினிகளில் அதைப் போடவில்லை. வின்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பழையதையே கட்டிப்பிடித்திருப்பது ஆபத்து.

அவசரமாக மாற்றுவதும் ஆபத்துத்தான். 2024 யூலை 19 அன்று 'கிரவுட்ஸ்ரைக்' அனுப்பிய பிழையான ஒரு திருத்தம் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கணினிகளை நிறுத்தியது. இங்கே அது வெள்ளிக்கிழமை பின்னேரம். கடைகளும் விமான நிலையங்களும் திண்டாடியது பலருக்கு நினைவிருக்கும்.

எங்கள் சமூகத்தில் ஐ.டி. துறையில் வேலை செய்யும் பிள்ளைகள் பலர். அவர்களிடம் என் வேண்டுகோள் மூன்று. மாற்றுவதற்கு முன் அந்தக் கணினியில் வேலை செய்பவரோடு ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேநாளில் மாற்றாமல், முதலில் ஒன்றிரண்டை மாற்றிச் சோதியுங்கள். மாற்றிய முதல் நாள் ஒருவராவது நேரில் வந்து நில்லுங்கள். உங்களுக்கு அது ஒரு முறைப்பாட்டு இலக்கம். எங்களுக்கு அது கதிரையில் இருக்கும் ஒரு மனிதர்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது நான் மருத்துவ மாணவன். வீட்டையே விட்டு வந்த முதியவர்கள்கூட, கிளினிக் கொப்பியைச் சொப்பின் பையில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். கணினியோ மின்சாரமோ இல்லாத இடத்தில் அந்தக் கொப்பியைப் பார்த்தே மருந்து கொடுத்தோம்.

இன்று பிளாக்டவுனிலும் அந்தப் பழக்கம் தேவை. 'மை ஹெல்த் ரெக்கோர்ட்' நல்ல வசதிதான். ஆனால் எல்லா விபரமும் அதில் ஏறுவதில்லை. அம்மா, அப்பா எடுக்கும் மருந்துகள், அவற்றின் அளவு, ஒத்துவராத மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். மருந்து மாறினால் தாளையும் மாற்றுங்கள். டொக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், கூச்சப்படாமல் அந்தத் தாளை முன்னே நீட்டுங்கள்.

நான் கோபிக்க மாட்டேன், நன்றி சொல்வேன்.