நீங்கள் சொன்னபடி... இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

ஒரு பையன். நாமக்கல் பக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லூரியில் சேர்ந்து பத்தாவது நாள் வேறு கல்லூரியில் நல்ல இடம் கிடைத்து விலகிவிடுகிறான். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டால் "தர இயலாது" என்று கடிதம் வருகிறது. பதில் எழுத வேண்டும். இங்கிலீஷில் எழுதினால்தான் எடுபடும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். பையனும் உட்கார்ந்து எழுதுகிறான்: "ஆஸ் யூ ஹேவ் ரைட்லி மென்ஷன்ட் இன் யுவர் எஸ்டீம்டு லெட்டர், தி ஃபீஸ் வில் நாட் பி ரீஃபண்டட்..."

இதைத் தமிழில் படித்துப் பாருங்கள். "தங்கள் மேலான கடிதத்தில் தாங்கள் மிகச் சரியாகக் குறிப்பிட்டுள்ளபடி பணம் திருப்பித் தரப்படாது. ஆகவே என் பணத்தைத் திருப்பித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

முதல் வரியிலேயே கேஸ் முடிந்தது :-)

கற்பனைக் கடிதம்தான். ஆனால் இந்த மாதிரிக் கடிதத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. இதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்பதுதான் வேடிக்கை. ஸ்பெல்லிங்கும் சரியாகவே இருக்கும். பையன் ப்ளஸ் டூவில் இங்கிலீஷில் நல்ல மார்க் வாங்கியவனாகவும் இருப்பான். மார்க்குக்காகவே மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்த காலம் உண்டு. கடிதம் எழுதுவது அங்கே ஒரு கேள்வி, அதற்கு ஒரு மாதிரி விடை, அவ்வளவுதான். ஒருவர் முன்பு சொன்னதை எடுத்துக்காட்டி எழுதும்போது எந்தச் சொல்லைப் போட்டால் என்ன ஆகும் என்பது எந்த மாதிரி விடையிலும் இல்லை.

'ரைட்லி' எங்கிருந்து வந்தது? மரியாதையிலிருந்து வந்தது. கொங்குப் பக்கத்துப் பேச்சைக் கவனித்தவர்களுக்கு இது உடனே புரியும். சேலத்தைத் தாண்டி மேற்கே போகப் போக எந்த வாக்கியத்திலும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்ளும். "இல்லைங்களே, நீங்க அன்னிக்கு அப்படிச் சொல்லலீங்களே!" என்பார் ஒரு கோழிப்பண்ணைக்காரர். முழு மறுப்பு அது. எதிராளி பொய் சொல்கிறார் என்பதுதான் அதன் பொருள். ஆனால் மரியாதை ஒரு துளி குறையவில்லை. மரியாதை 'ங்க'வில் இருக்கிறது, மறுப்பு வினைச்சொல்லில் இருக்கிறது, இரண்டும் தனித்தனி அறையில் குடியிருக்கின்றன.

இங்கிலீஷில் அந்த 'ங்க' இல்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையன் 'ரைட்லி'யில் வைக்கிறான், 'எஸ்டீம்டு'வில் வைக்கிறான், 'கைண்ட்லி'யில் வைக்கிறான். பின்னவை இரண்டும் வெறும் அலங்காரம், போனால் போகட்டும். 'ரைட்லி' அப்படியல்ல. "நீங்கள் சொன்னது சரி" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அது. மரியாதை காட்டப் போய் சம்மதம் கொடுத்துவிட்டான்.

வினைச்சொற்களிலும் இதே கண்ணி இருக்கிறது. 'பாயிண்டட் அவுட்', 'அட்மிட்டட்', 'கிளாரிஃபைட்' எல்லாம், சொன்னவர் சொன்னது உண்மை என்று எழுதுபவரும் ஏற்றுக்கொண்டதாகக் காட்டுகிற சொற்கள். 'கிளெய்ம்ட்', 'அலெஜ்ட்' இரண்டும் நேர் எதிர்: "அவர் அப்படிச் சொல்லிக்கொள்கிறார், நம்புவது உங்கள் இஷ்டம்." நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பவை 'செட்', 'ரோட்', 'ஸ்டேட்டட்', கொஞ்சம் தள்ளி 'மென்ஷன்ட்'. பள்ளிக்கூடத்தில் 'செட்' என்பதைச் சின்னப் பிள்ளைகளின் சொல் என்று அடித்துவிட்டு வேறு பெரிய சொல் போடச் சொல்வார்கள். உண்மையில் அலுவலகக் கடிதத்துக்கு அதைவிடப் பத்திரமான சொல் கிடையாது.

தமிழ்க்காரனுக்கு இந்த வித்தியாசம் புதிதா என்ன? லாரி புக்கிங் ஆபீஸில் கேளுங்கள். "ஓனர் லோடு ஏத்தச் சொன்னாரு" என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். "ஏத்தச் சொன்னாராம்" என்றால் கை கழுவிவிட்டார். ஒரே ஒரு 'ஆம்'. முட்டை வியாபாரத்திலும் இப்படித்தான். என்.இ.சி.சி. அறிவிக்கும் விலை ஒன்று இருக்கும், அதிலிருந்து மைனஸ் எவ்வளவு என்பது போனில் பேசி முடிவாகும். "நீங்க சொன்ன ரேட்டு", "நாம பேசின ரேட்டு", "நீங்க சொன்னதா அவர் சொன்ன ரேட்டு" மூன்றும் ஒன்றில்லை என்பது அங்கே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்குக்கூடத் தெரியும். வாயில் இத்தனை கூர்மையாக இருப்பவர்கள் பேனாவை எடுத்ததும் மழுங்கிப் போவதற்குக் காரணம் அறிவில்லாமை இல்லை. பெரிய சொல்லாக இருந்தால் போதும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததுதான்.

இங்கே 'ஆஸ் யூ டோல்டு' பற்றி ஒரு வார்த்தை. தமிழில் 'சொல்' என்ற ஒரே வினை 'சே', 'டெல்' இரண்டு வேலையையும் பார்த்துவிடுகிறது. இங்கிலீஷில் 'டோல்டு' வந்தால் யாரிடம் என்பதும் கூடவே வர வேண்டும்: 'ஆஸ் யூ டோல்டு மீ'. யாரிடம் என்று சொல்ல வேண்டாமென்றால் 'ஆஸ் யூ செட்'. 'ஆஸ் பெர்' என்பது விலைப்பட்டியல், ஒப்பந்தம், விதி போன்ற காகிதங்களோடு நன்றாகப் பொருந்தும். ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு 'ஆஸ் பெர் யூ' என்று எழுதினால் அவரையே அரசாணை ஆக்கிய மாதிரி இருக்கும்.

இந்தப் பெரிய சொற்கள் எல்லாம் வானத்திலிருந்து விழவில்லை, கச்சேரியிலிருந்து வந்தவை. சேலம் 1792-இலேயே கம்பெனியிடம் வந்த சீமை. கலெக்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலம் அளந்து எழுதிய கடிதங்களின் காலம் தொட்டு, மேலே உள்ளவர் சொன்னதைக் கீழே உள்ளவர் எடுத்துக்காட்டி எழுதுவது இங்கே ஒரு தொழில். பழைய வியாபாரக் கடிதங்களில் இந்த மாதத்துக்கு 'இன்ஸ்டன்ட்', போன மாதத்துக்கு 'அல்டிமோ' என்று போடுவார்கள். இன்று அதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. 'அட்வர்ட்டிங் டு', 'தி செட்', 'அஃபோர்செட்' மட்டும் சாகாமல் கிடக்கின்றன.

ஆனால் அந்தக் கச்சேரி முறையில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, அதை யாரும் காப்பி அடிப்பதில்லை. சென்னை மாகாண அலுவலகங்களுக்கு டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி வகுத்த கோப்பு நடைமுறையின் சாயல் இன்றும் தமிழ்நாட்டு அரசுக் கடிதங்களில் இருக்கிறது. 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து, கடிதங்கள் மெல்லத் தமிழுக்கு மாறியபோதும் அந்த அமைப்பு மாறவில்லை. மேலே 'பொருள்', அதன் கீழே 'பார்வை'. பார்வையில் முந்தைய கடிதங்கள் எண்ணோடும் தேதியோடும் வரிசையாக இருக்கும். உள்ளே "பார்வை 2-இல் காணும் கடிதத்தில்..." என்றால் போதும். 'சரியாக' என்றோ 'மேலான' என்றோ ஒன்றுமில்லை. யார், எப்போது, எந்தக் காகிதத்தில் என்பது மட்டும். வறட்சியாக இருக்கும், ஆனால் யாரும் எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

'தி செட்', 'தி சேம்' இரண்டுக்கும் தமிழில் அண்ணன் ஒருவர் உண்டு: மேற்படி. கிரயப் பத்திரத்தில் "மேற்படி கிராமத்தில் மேற்படி சர்வே நம்பரில்" என்று வந்துகொண்டே இருக்கும். எழுதிச் சலித்த எழுத்தர்கள் அதற்கு ஒற்றைக் குறியே வைத்திருந்தார்கள்: ௸. 2003-இல் வந்த யூனிகோடு 4.0-இல் அதற்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. நிலத்துக்கு மேற்படி பொருந்தும், நிலம் நகராது. மெயிலில் "ஐ ஹேவ் டிஸ்கஸ்ட் தி சேம்" என்றால் எந்த சேம் என்று எதிராளி மூன்று மெயில் மேலே போய்த் தேட வேண்டியிருக்கிறது.

ஒருவர் முன்பு சொன்னதை எடுத்துக்காட்டுவதில் கோர்ட் காட்டும் கவனத்தையும் பாருங்கள். 1872-ஆம் வருஷ சாட்சியச் சட்டத்தின் 145-ஆவது பிரிவு, சாட்சி முன்பு எழுத்தில் கொடுத்த வாக்குமூலத்தை வைத்து அவரை முரண்படுத்த வேண்டுமானால், அதில் எந்தப் பகுதி என்று முதலில் அவருக்கே காட்டச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் அதுவே 148-ஆவது பிரிவு. "நீ அன்றைக்கு வேறு மாதிரி சொன்னாய்" என்று பொத்தாம் பொதுவாக மடக்க முடியாது, இன்ன வரி என்று காட்ட வேண்டும். சேலத்துக்கு இதன் அருமை தெரியும். 1882 சேலம் கலவரத்தைத் தூண்டினார் என்று வழக்கறிஞர் விஜயராகவாச்சாரியார் மேல் குற்றம் சாட்டிப் பத்து வருஷம் தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் விடுதலையாகி, 1920-இல் நாகபுரி காங்கிரஸுக்கே தலைவரானார். 'பேசினார்' என்பதற்கும் 'தூண்டினார்' என்பதற்கும் நடுவில் பத்து வருஷம் இருக்கிறது.

கோர்ட் வரை போகாதவர்களுக்கும் இது உண்டு. 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தபிறகு சாதாரண ஜனங்களும் அரசுக்கு எழுதுகிறார்கள். "கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் வருகிறது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதில் 'யூ ஹேவ் கிளாரிஃபைட் தட் தி ஃபைல் இஸ் நாட் அவைலபிள்' என்று எழுதினால் கோப்பு இல்லை என்பதை ஒத்துக்கொண்டாயிற்று. 'யுவர் ரிப்ளை ஸ்டேட்ஸ்' என்றால் அது அவர்கள் சொன்னது, அவ்வளவே. (தமிழிலேயே எழுதலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் பலருக்கு இங்கிலீஷ் மேல்தான் நம்பிக்கை.)

இன்னொன்று, சொன்னவர் நாமாகவே இருக்கும்போது வருவது: 'ஆஸ் ஐ செட் இயர்லியர்', 'ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்'. இலக்கணம் சரி, பணிவாகவும் தோன்றும். ஆனால் படிப்பவர் காதில் "எத்தனை தடவைடா சொல்றது?" என்றுதான் விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே மேனேஜருக்கு இப்படி எழுதிவிட்டு, அவர் முகம் ஏன் மாறியது என்று தெரியாமல் முழிப்பவர்கள் உண்டு. சொன்ன விஷயத்தையே திரும்ப ஒரு வரியில் எழுதிவிட்டால் தீர்ந்தது, 'முன்பே சொன்னேன்' தேவையில்லை.

அந்தப் பையனின் கடிதத்துக்கு வருவோம். 'ரைட்லி'யையும் 'எஸ்டீம்டு'வையும் எடுத்துவிட்டு, மேலே பார்வை மாதிரி கடித எண்ணும் தேதியும் போட்டு, இப்படி எழுதலாம்: "யுவர் லெட்டர் ஸ்டேட்ஸ் தட் தி ஃபீஸ் வில் நாட் பி ரீஃபண்டட். ஐ டூ நாட் அக்ரீ, ஃபார் தி ஃபாலோயிங் ரீசன்ஸ்." மொத்தம் பதினெட்டு சொல். 'சார்' வேண்டுமென்றால் ஆரம்பத்தில் ஒரு தடவை போட்டுக்கொள்ளட்டும்.