கேலரியில் உட்காருகிறவனைக் கேட்டீர்களா?

ஒரு வீடு கட்டுவதென்றால், குடியிருக்கப் போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் எந்தக் கொத்தனாரும் கடைக்கால் தோண்டுவதில்லை. ஆனால் பத்தாயிரம் பேர், ஐம்பதாயிரம் பேர் வந்து உட்காரும் விளையாட்டரங்கத்தைக் கட்டும்போது மட்டும் அங்கே வரப்போகிற ரசிகனை யாரும் கேட்பதில்லை. எந்த இடத்தில் கட்டுவது, எத்தனை வாசல் வைப்பது, வெயிலுக்கு என்ன மறைப்பு, ஆட்டம் முடிந்து ஜனங்கள் எப்படி வீடு போய்ச் சேருவது - இத்தனையும் கோட்டையிலும், காண்ட்ராக்டர் ஆபீசிலும், கிளப்புகளின் குளுகுளு அறைகளிலும் தீர்மானமாகி விடுகின்றன. ரசிகனுக்கு மிஞ்சுவது டிக்கெட் வாங்கும் உரிமை ஒன்றுதான்.

"விளையாட்டு விஷயந்தானே, இதைப் போய் இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டுமா?" என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். 2025 ஜூன் 4ம் தேதி பெங்களூரில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். கிரிக்கெட் கோப்பையை வென்று வந்த அணிக்குச் சின்னசாமி ஸ்டேடியத்தில் பாராட்டு என்றார்கள். சுமார் 35,000 பேர் கொள்ளும் இடத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள். வாசல்களில் நெரிசல் ஏற்பட்டு 11 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் வாலிப வயதினர். பிறகு விசாரித்த நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா கமிஷன் என்ன சொல்லிற்று? பெருங்கூட்டம் கூடுவதற்கு அந்த ஸ்டேடியத்தின் அமைப்பே ஏற்றதல்ல, பத்திரமானதல்ல என்று சொல்லிற்று. வாசல்கள் நடைபாதையின் மீதே திறக்கின்றன. வரிசையில் நிற்க உள்ளே இடமில்லை. வருஷக்கணக்காக அந்த நடைபாதையில் நின்று இடிபட்ட ரசிகனைக் கேட்டிருந்தால், கமிஷன் போடாமலே இதைச் சொல்லியிருப்பான்.

கல்கத்தா ரசிகர்களும் இதற்கு விலை கொடுத்தவர்கள்தான். 1980 ஆகஸ்ட் 16ல் ஈடன் கார்டன்ஸில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகள் கால்பந்தாடியபோது கேலரியில் கலவரம் மூண்டு 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். கால்பந்துக்கென்று பெரிய அரங்கம் ஒன்று வேண்டுமென்ற குரல் ஓங்கிற்று. இடது முன்னணி சர்க்கார் 1984ல் சால்ட் லேக்கில் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் உட்காரும் அரங்கத்தைத் திறந்தது. அது ஒரு சாதனைதான், சந்தேகமில்லை. ஆயினும் அதிலும் ரசிகனுக்குக் குறை உண்டு. ஆட்ட மைதானத்தைச் சுற்றி ஓட்டப் பாதை ஓடுவதால், கேலரியில் உட்கார்ந்தவனுக்கு பந்து எட்டாத தூரத்தில் தெரியும். அரங்கத்தின் வாசலுக்கு மெட்ரோ ரயில் வந்தது 2020 பிப்ரவரியில். அதாவது 36 வருஷம் கழித்து! நம்முடையவர்கள் கட்டியது என்பதற்காக இதைச் சொல்லாமல் விடமுடியாது. கட்டுகிறவர் எவராயிருந்தாலும் இந்தக் கேள்வி உண்டு.

சேப்பாக்கம் சொல்லும் பாடம்

சென்னை சேப்பாக்கத்தின் கதை நமக்கு இன்னும் கிட்டத்தில் உள்ளது. அங்கே பழைய கேலரிகளில் கூரையைத் தாங்கும் தூண்கள் கண்ணை மறைக்கும். காசு கொடுத்து உள்ளே போனவன் தூணை ஒரு பக்கம், ஆட்டத்தை ஒரு பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. 2011 உலகக் கோப்பையையொட்டி அரங்கத்தைப் புதுப்பித்தபோது அந்தத் தூண்கள் போயின. கம்பிகளால் இழுத்துக் கட்டிய லேசான வெள்ளைக் கூரை வந்தது. நிழலும் கிடைத்தது, கடற்காற்றும் உள்ளே வந்தது. ரசிகனின் நெடுநாள் குறை ஒன்று தீர்ந்ததை வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே வேலையில் என்ன நடந்தது? ஐ, ஜே, கே என்ற மூன்று புதிய கேலரிகள் எழுந்தன. அவற்றுக்கும் பக்கத்திலிருந்த கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் நடுவே விதிப்படி இருக்கவேண்டிய இடைவெளி இல்லை. மூன்று கேலரிகளையும் பூட்டி சீல் வைத்தார்கள். சுமார் 12,000 பேர் உட்காரும் இடம் வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தது. வெளியே டிக்கெட்டுக்கு விடிய விடிய வரிசை. உள்ளே ஆளில்லாத நாற்காலிகள்! 2019ல் ஐ.பி.எல். இறுதி ஆட்டம் சென்னையில் நடப்பதாக இருந்தது. இந்தக் கேலரிகளைத் திறக்க அனுமதி கிடைக்காததால் ஆட்டம் ஹைதராபாத்துக்குப் போயிற்று. பிறகு அந்த உடற்பயிற்சிக் கூடம் இடிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துடன் நடந்த டெஸ்டில்தான் ஜனங்கள் மறுபடி அந்தக் கேலரிகளில் கால் வைத்தார்கள். ஒரு கட்டிடம் இடம் மாறாததற்கு ஏறக்குறைய பத்து வருஷம் தண்டனை அனுபவித்தவன், அதைக் கட்டியவனும் அல்ல, அனுமதித்தவனும் அல்ல, பார்க்க வந்தவன்.

இடம் எங்கே என்பதும் இவ்வளவே முக்கியம். சேப்பாக்கத்தின் பக்கத்திலேயே பறக்கும் ரயில் நிலையம் 1995 முதல் இருக்கிறது. மெட்ரோவும் கிட்டத்தில் உண்டு. சென்னைவாசிக்கு இது நல்ல வசதி. ஆனால் திருவண்ணாமலையிலிருந்து போகும் வாலிபன் என்ன செய்கிறான்? பஸ்ஸில் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறான். அங்கிருந்து இன்னும் சுமார் முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். ராத்திரி ஆட்டம் முடியும்போது மணி பதினொன்றரை ஆகிவிடுகிறது. மறுபடி கிளாம்பாக்கம் போய்ச் சேர்ந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் ஊர் வந்து, அப்படியே வேலைக்குப் போகிறான். "டிக்கெட் காசைவிட வழிச் செலவும் மறுநாள் கூலியும்தான் அதிகம் போகிறது" என்று நமது ஊர் மெக்கானிக் வாலிபர்கள் சொல்வதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அரங்கத்தின் வரைபடத்தில் இந்த ராத்திரிப் பிரயாணத்துக்கு இடமே இல்லை.

கூடைப்பந்துக்கு ஒரு கூரை

கிரிக்கெட்டை விட்டுக் கூடைப்பந்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அது நூறு வருஷத்துக்கு மேல் வேரூன்றிய ஆட்டம். 1920ல் ஹாரி பக் சென்னையில் துவக்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. இன்று சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பெண்கள்கூட ஆர்வமாய் ஆடுகிற ஆட்டம் இது. இதற்கு வேண்டியது ஏக்கர் கணக்கில் நிலமல்ல. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், பத்தடி உயரத்தில் இரண்டு வளையம். அவ்வளவுதான்.

1995ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டிச் சென்னைப் பெரியமேட்டில் நேரு உள்விளையாட்டரங்கம் எழுந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வெளியூர் ரசிகனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 2009ல் ஆசிய மகளிர் கூடைப்பந்துப் போட்டி சென்னையில் நடந்தது. சீனப் பெண்கள் கோப்பையை வென்றார்கள். ஆனால் அந்த அரங்கம் சர்க்கார் விழாக்களுக்கும் சினிமாப் பாட்டுக் கச்சேரிகளுக்கும்கூட இடமாகிவிட்டது. மற்ற ஊர்களில் கூடைப்பந்து பெரும்பாலும் வெட்டவெளி சிமெண்டுத் தரையில்தான் நடக்கிறது. மத்தியானம் தரை கொதிக்கிறது. மழை பெய்தால் வழுக்குகிறது. பார்க்க வருகிறவன் மதில்மேலோ மரத்தடியிலோ நிற்கிறான்.

"ரசிகனுக்கு என்ஜினீயரிங் தெரியுமா, அவனை ஏன் கேட்க வேண்டும்?" என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். இரும்பின் கனத்தைக் கணக்கிட அவனுக்குத் தெரியாமலிருக்கலாம். ஆனால் தளத்தைக் கிழக்கு மேற்காகப் போட்டால் சாயங்கால வெயில் ஆடுகிறவள் கண்ணில் அடிக்கும், வடக்குத் தெற்காகப் போட வேண்டும் என்பது அங்கே தினமும் ஆடுகிற பெண்ணுக்குத் தெரியும். கூட்டத்தைப் பற்றியும் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகை தீபத்துக்கு லட்சோபலட்சம் பேர் வருகிற ஊர் இது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எந்த முனையில் நெரிசல் வரும், தற்காலிக பஸ் நிலையம் எந்த ரோட்டில் இருந்தால் ஜனங்கள் சீக்கிரம் கலைவார்கள் என்பதைச் சுண்டல் வண்டிக்காரர் விரலை நீட்டிக் காட்டுவார்.

ஜனங்கள் கேட்டால் எதுவும் நடக்காது என்று மனம் தளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக் கூடைப்பந்துக் கம்பெனி ஒன்று, 130 கோடி டாலர் செலவில் நகரின் நடுவே, சீனர்கள் தலைமுறை தலைமுறையாய் வாழும் பேட்டையின் ஓரத்தில், அரங்கம் கட்டப் போவதாக 2022ல் அறிவித்தது. பேட்டையின் கடைக்காரர்களும் தொழிலாளிகளும் குடித்தனக்காரர்களும் எதிர்த்தார்கள். கட்டிட வேலை கிடைக்கும் என்று சில தொழிற்சங்கங்கள் திட்டத்தை ஆதரித்தன என்பதையும் மறைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் நகர கவுன்சில் அனுமதியும் கொடுத்துவிட்டது. ஆனால் 2025 ஜனவரியில் அந்தக் கம்பெனியே திட்டத்தைக் கைவிட்டு, பழைய அரங்கம் உள்ள தெற்குப் பகுதிக்கே திரும்பிற்று. கம்பெனி வேறு பேரம் பேசியதும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் இரண்டரை வருஷம் ஜனங்கள் விடாமல் நின்றிராவிட்டால், அதற்குள் அங்கே கடைக்கால் தோண்டியிருப்பார்கள்.

நமது மாவட்டத்தின் எட்டுத் தொகுதிகள்

இதையெல்லாம் ஏன் இங்கே எழுதுகிறோம்? ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒன்றுக்கு 3 கோடி ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம், கீழ்பென்னாத்தூர், கலசபாக்கம், போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, திருவண்ணாமலை என எட்டுத் தொகுதிகள். அறிவிப்பு நல்ல அறிவிப்புதான். அது காகிதத்தில் நின்றுவிடக் கூடாது. அதேசமயம் கட்டுகிற அரங்கம் யாரும் போகாத இடத்தில் பூட்டிக் கிடக்கவும் கூடாது.

சர்க்கார் நிலம் என்று தேடினால் ஊருக்கு வெளியே ஏரிப் புறம்போக்கைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஏரிக்குள் கட்டினால் மழைக்காலத்தில் அரங்கமும் இராது, ஏரியும் இராது. 2024 டிசம்பர் முதல் தேதி, பெஞ்சல் புயல் மழையில் இந்த நகரத்தின் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண் சரிந்து 7 பேர் புதையுண்டதை நாம் மறக்க முடியாது. தண்ணீர் போகிற வழியிலும் மலையடிச் சரிவிலும் கட்டிடம் கூடாது என்பது அந்தச் சாவுகள் சொல்லிவிட்டுப் போன பாடம்.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை:

1. இடம் குறிப்பதற்கு முன்பே ஊரைக் கூட்டி, ஆடுகிற பிள்ளைகளையும் பார்க்க வருகிறவர்களையும் கேட்க வேண்டும். கிராம சபையிலும் நகர மன்றத்திலும் வரைபடத்தை வைக்க வேண்டும்.

2. டவுன் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அரங்கம் இருக்க வேண்டும். ஆட்டம் முடிகிற நேரத்துக்கு பஸ் விட வேண்டும்.

3. கூடைப்பந்துத் தளத்துக்குக் கூரை வேண்டும். தரையிலிருந்து கூரைக்கு நடுவே குறைந்தது 7 மீட்டர் உயரம் தடையில்லாமல் இருக்க வேண்டும். பார்வையாளருக்கும் நிழல் வேண்டும்.

4. பெண்களுக்கென்று கக்கூசும் உடைமாற்றும் அறையும், வாசல்வரை விளக்கும் இல்லாமல் எந்த அரங்கத்தையும் திறக்கக் கூடாது. இவை இல்லாவிட்டால் பருவமடைந்த பெண்ணை எந்தத் தாயும் மைதானத்துக்கு அனுப்பமாட்டாள்.

5. வாசல்கள் பலவாகவும் அகலமாகவும், ரோட்டின் மேல் திறக்காமல் உள்ளடங்கியும் இருக்க வேண்டும். ஆட்ட நேரத்தில் எந்த வாசலையும் பூட்டக் கூடாது.

6. வாடகை விழாக்களைக் காரணம் காட்டி ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்தக் கூடாது.

இவற்றில் எதுவும் ஆகாயத்துச் சந்திரனைக் கேட்பதல்ல. பணம் ஜனங்களின் வரிப்பணம். நிலம் ஜனங்களின் நிலம். வியர்வை சிந்தி ஆடப் போவதும், தொண்டை வறளக் கத்தி உற்சாகப்படுத்தப் போவதும் அவர்களுடைய பிள்ளைகள்.

எட்டுத் தொகுதிகளிலும் உள்ள வாலிபர்களும் மாணவர்களும் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர்களும் இந்தப் பிரச்னையைக் கையில் எடுக்க வேண்டும். தங்கள் தொகுதியில் எந்த இடம் குறிக்கப்பட்டது, வேலை எதுவரை வந்திருக்கிறது என்று விசாரியுங்கள். நேரில் போய்ப் பாருங்கள். பஸ் உண்டா, தண்ணீர் தேங்குமா, வாசல் எத்தனை என்று எழுதிக் கையெழுத்து வாங்கி கலெக்டரிடம் கொடுங்கள். அரங்கம் கட்டி முடித்த பிறகு குறை சொல்லிப் பயனில்லை. சேப்பாக்கத்தில் பத்து வருஷம் பூட்டிக் கிடந்த கேலரிகள் அதற்குச் சாட்சி. கடைக்கால் தோண்டுமுன் கேட்போம்!